ஜெர்மன் சொற்களும் நினைவு அட்டைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவிலியர் வேலை, தொழிற்பயிற்சி, மேற்படிப்பு என்று ஏதோ ஒரு காரணத்துக்காக ஜெர்மன் படிக்கும் தமிழர்களுக்காக எழுதிய பக்கம் இது. ஏ1 என்ற தொடக்க நிலை முதல் பி1 என்ற இடைநிலை வரை சொற்களை மனத்தில் நிறுத்த இடைவெளி விட்டுத் திருப்பிப் பார்க்கும் அட்டைகளை எப்படிச் செய்வது, எங்கே கெட்டுப்போகிறது என்பதைச் சொல்கிறோம். வசதிக்காக ஜெர்மன் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். உங்கள் அட்டையில் மட்டும் அப்படி எழுதாதீர்கள். காரணம் கீழே வருகிறது.

இடைவெளி விட்டுத் திருப்புவது என்றால் என்ன?

ஒரு சொல்லை இன்று படித்தால் நாளை ஒருமுறை, நான்கு நாள் கழித்து ஒருமுறை, பத்து நாள் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று நாள் கூட்டிக் கூட்டி உங்களையே சோதித்துக்கொள்வது. மறக்கப்போகும் சமயத்தில் நினைவுக்குக் கொண்டுவந்தால் அடுத்த மறதி தள்ளிப்போகிறது. தவறினால் இடைவெளி மறுபடி சுருங்கும்.

இதன் அடிப்படையை அளந்து காட்டியவர் ஹெர்மான் எபிங்ஹாவுஸ் என்ற ஜெர்மானியர். பொருளே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, பிறகு அவற்றைத் திரும்பப் படிக்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கிட்டு 1885இல் வெளியிட்டார். 20 நிமிடம் கழித்து மிச்சம் 58 சதவீதம், ஒரு நாள் கழித்து 34, 31 நாள் கழித்து 21. முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, அதற்குப் பிறகு மெதுவாகவே தேய்கிறது. பொருளுள்ள சொல் இவ்வளவு வேகமாகப் போகாது. ஆனாலும் போகும் விதம் இதுதான். அதனால்தான் முதல் திருப்புதல் மறுநாளே இருக்க வேண்டும், பின்னால் வருபவை தள்ளித் தள்ளி இருக்கலாம்.

சொற்பட்டியலைத் தினமும் பத்து முறை வாசித்தால் ஆகாதா?

வாசிக்கும்போது "இது தெரியுமே" என்ற உணர்வு வரும். அது பழக்கம்; நினைவு வேறு. 2008இல் கார்பிக்கே, ரோடிகர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 40 ஸ்வாஹிலி சொற்களை மாணவர்களுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். ஒருமுறை சரியாகச் சொன்ன சொல்லையும் தொடர்ந்து தேர்வில் கேட்கப்பட்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்து ஏறக்குறைய 80 சதவீதம் நினைவிருந்தது. சரியாகச் சொன்ன சொல்லைத் தேர்விலிருந்து எடுத்துவிட்டவர்களுக்கு 35 சதவீதம் அளவில்தான் நின்றது. அந்தச் சொற்களைப் படிப்பதைத் தொடர்ந்தும் பயனில்லை. ஆகவே பின்பக்கத்தைப் பார்க்கும் முன் விடையை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் திருப்பினால் அது வெறும் வாசிப்பு.

காகித அட்டையா, செயலியா?

இரண்டும் வேலை செய்யும். காகிதப் பெட்டி முறையைப் பரப்பியவர் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் இதழியலாளர். 1972இல் எழுதிய நூலில் ஐந்து தடுப்புள்ள பெட்டியை விளக்கினார். புதிய அட்டை முதல் தடுப்பில். சரியாகச் சொன்னால் அடுத்த தடுப்புக்கு நகரும். தவறினால் எந்தத் தடுப்பிலிருந்தாலும் முதலுக்கே திரும்பும். அவர் முறையில் தேதிக் கணக்கு இல்லை. தடுப்புகள் வரவர அகலம். ஒன்று நிரம்பினால் அதிலிருந்து ஒரு பகுதியை எடுத்துச் சோதிக்க வேண்டும், அவ்வளவே. தேதி வேண்டுமென்றால் முதல் தடுப்பு தினமும், இரண்டாவது 2 நாளுக்கு, மூன்றாவது 4, நான்காவது 8, ஐந்தாவது 16 நாளுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம்.

செய்வது எளிது. ஏ4 அளவு கெட்டித் தாளை மூன்று முறை பாதியாக மடித்து வெட்டினால் 8 அட்டை. காலணிப் பெட்டியில் அட்டைத் துண்டுகளால் நான்கு குறுக்குத் தடுப்பு. மெல்லிய தாளில் எழுதாதீர்கள், பின்பக்க எழுத்து தெரிந்துவிடும். 300, 400 சொல் வரை காகிதம் தாங்கும். அதற்கு மேல் அட்டையை நகர்த்தவே நேரம் போய்விடும், ஒலியையும் காகிதத்தில் ஏற்ற முடியாது. பி1 வரை போக நினைப்பவர் தொடக்கத்திலேயே செயலிக்கு வந்துவிடுவது நல்லது.

எந்தச் செயலி? எப்படி அமைப்பது?

அன்கி. ஜப்பானிய மொழியில் மனப்பாடம் என்று பொருள். டேமியன் எல்ம்ஸ் 2006இல் வெளியிட்டது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோன் செயலிக்கு மட்டும் கட்டணம் உண்டு. ஆண்ட்ராய்டில் அன்கிட்ராய்டு என்ற பெயரில் இருக்கும். பெயரை ஒட்டிய வேறு செயலிகளும் கடையில் கிடக்கின்றன, பார்த்து எடுங்கள்.

முதலில் கணக்கு ஒன்று தொடங்கிக் கணினியையும் போனையும் ஒத்திசையுங்கள். இரண்டிலும் வெவ்வேறு தொகுப்பு இருந்தால், மேலே ஏற்றவா கீழே இறக்கவா என்று கேட்கும். அட்டைகள் உள்ள கருவியிலிருந்து ஏற்றவும், வெறுமையாக உள்ளதில் இறக்கவும் வேண்டும். மாற்றி அழுத்தினால் ஒரு பக்கத்து உழைப்பு முழுவதும் அழிந்துவிடும்.

அடுத்து தொகுப்பின் அமைப்புகள். நாளொன்றுக்குப் புதிய அட்டை 20, மீள்பார்வை உச்சம் 200 என்றுதான் செயலி வரும்போதே இருக்கும். மீள்பார்வை உச்சத்தை 9999 ஆக்கிவிடுங்கள். 200 என்று விட்டுவைத்தால் மிஞ்சியவை கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மூலையில் குவியும். கட்டுப்படுத்த வேண்டியது புதிய அட்டைகளின் எண்ணிக்கையைத்தான்.

எஃப்எஸ்ஆர்எஸ் என்ற கணக்கு முறையை இயக்குங்கள். 2023இன் கடைசியிலிருந்து அன்கியிலேயே உள்ளது. உங்கள் விடைகளின் வரலாற்றைப் பார்த்து உங்களுக்கேற்ற இடைவெளியைக் கணிக்கும். மாதம் ஒருமுறை அதில் உள்ள 'ஆப்டிமைஸ்' பொத்தானை அழுத்தினால் போதும்.

நினைவு விகிதத்தை 95 சதவீதம் வைத்தால் இன்னும் நன்றாக நிற்குமா?

நிற்கும், ஆனால் விலை அதிகம். நினைவு விகிதம் என்பது, ஓர் அட்டை திரும்ப வரும்போது அது நினைவிருக்க நீங்கள் கேட்கும் வாய்ப்பு. இயல்பாக இருப்பது 90. அந்த அளவில் 30 நாளில் வர வேண்டிய அட்டை, 95 என்று வைத்தால் ஏறத்தாழ 14 நாளிலேயே வந்துவிடும். வேலை இரட்டிப்பைத் தாண்டும். 85 என்று வைத்தால் சுமார் 49 நாள் ஆகும். 90இலேயே விடுங்கள். அட்டைகள் மேல் கோபம் வருமளவுக்குச் சுமை ஏறினால் 85க்கு இறக்குங்கள், குற்றமில்லை.

ஒரு நாளைக்கு எத்தனை சொல்?

ஜெர்மன் மொழித் தேர்வு நடத்தும் கதே நிறுவனத்தின் ஏ1 பட்டியலில் சுமார் 650 சொற்கள், பி1 பட்டியலில் சுமார் 2400. நாளுக்கு 10 சொல் என்றால் ஏ1 65 நாளில் முடியும், பி1 பட்டியல் மொத்தமும் 240 நாளில். இது காகிதக் கணக்கு. ஒவ்வொரு சொல்லுக்கும் இரு திசையிலும் அட்டை இருந்தால் 10 சொல் என்பது 20 அட்டை. சில வாரங்களில் தினசரி மீள்பார்வை, புதிய அட்டைகளைப் போல 7 முதல் 10 மடங்குக்கு ஏறும். அதாவது 140 முதல் 200. அட்டைக்கு 8 வினாடி என்றால் 19 முதல் 27 நிமிடம், புதியவற்றுக்கு இன்னும் ஒரு பத்து நிமிடம்.

முதல் வாரத்தில் இந்தச் சுமை தெரியவே தெரியாது. ஆர்வத்தில் நாளுக்கு 40 சேர்ப்பவர்கள் மூன்றாம் வாரத்தில் தினம் 300 அட்டையோடு மல்லுக்கட்டி விட்டுவிடுகிறார்கள். நினைவாற்றல் போதவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். நினைவாற்றலில் குறையே இல்லை, சேர்த்த கணக்குதான் தவறு. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு 5 முதல் 8 சொல் போதும்.

எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது?

நான்கு பொத்தான்: அகெய்ன், ஹார்ட், குட், ஈஸி. நினைவு வரவில்லையா, அகெய்ன். வந்ததா, குட். இந்த இரண்டோடு காலம் தள்ளலாம்.

பெரும்பாலோர் தவறு செய்யும் இடம் ஹார்ட். "மறந்துவிட்டேன், ஆனால் அகெய்ன் அழுத்த மனம் வரவில்லை" என்று அதை அழுத்துகிறார்கள். செயலிக்கு ஹார்ட் என்றால் சிரமப்பட்டாவது நினைவு வந்தது என்று பொருள். மறந்த சொல்லுக்கு ஹார்ட் போட்டால் இடைவெளி நீளும், எஃப்எஸ்ஆர்எஸ் உங்கள் நினைவைப் பற்றித் தவறாகக் கற்றுக்கொள்ளும், எல்லா அட்டைகளின் கணக்கும் கோணும். பெயர்ச்சொல்லைச் சரியாகச் சொல்லி, அதன் முன் நின்று பால் காட்டும் 'டெர்', 'டீ', 'டாஸ்' மட்டும் தவறினாலும் அது தவறுதான். 10 வினாடி யோசித்தும் வராததைத் தெரியாது என்றே வையுங்கள். பேச்சில் எதிரே இருப்பவர் அதற்கு மேல் காத்திருக்க மாட்டார்.

அட்டையில் என்னென்ன இருக்க வேண்டும்?

எங்களைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். கணக்கு முறை எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் மோசமான அட்டையைக் காப்பாற்றாது.

பெயர்ச்சொல் என்றால் பால் காட்டும் முன்சொல்லும் பன்மையும் சேர்த்தே ஒரு சொல். 'லொஃபல்' என்று எழுதாதீர்கள், 'டெர் லொஃபல்' என்று எழுதுங்கள். கரண்டி 'டெர்', முள்கரண்டி 'டீ காபல்', கத்தி 'டாஸ் மெஸ்ஸர்'. ஒரே மேசையில் மூன்று பால்! தமிழில் இவை மூன்றும் அஃறிணை. பொருளைப் பார்த்தே திணை சொல்லிவிடும் நமக்கு இது புதிது. முதல் நாளே ஒட்டிக்கொள்ளாத முன்சொல்லைப் பின்னால் தனியாக மனப்பாடம் செய்வது இரட்டை வேலை. 'டெர்' நீலம், 'டீ' சிவப்பு, 'டாஸ்' பச்சை என்று நிறம் கொடுத்தால் கண்ணும் உதவும்.

சில ஈறுகளுக்கு விதி உண்டு. 'உங்', 'ஹைட்', 'கைட்', 'ஷாஃப்ட்' என்று முடியும் விகுதிகள் 'டீ'. சிறுமைப் பொருள் தரும் 'ஹென்', 'லைன்' விகுதிகள் 'டாஸ்'. கூட்டுச்சொல்லில் கடைசிச் சொல்லின் பாலே மொத்தத்துக்கும். மருத்துவமனை 'டாஸ் கிராங்கன்ஹவுஸ்', ஏனென்றால் வீடு 'டாஸ் ஹவுஸ்'. ரத்த அழுத்தம் 'டெர் ப்ளூட்ட்ருக்', ஏனென்றால் அழுத்தம் 'டெர் ட்ருக்'. விதியை ஓர் அட்டையில் போட்டுவிட்டால் நூறு சொல்லுக்குச் சுமை குறையும்.

வினைச்சொல்லில் வடிவம் மாறுபவற்றுக்கு எல்லா வடிவங்களும் வேண்டும்: 'ஃபாரன், ஃபேர்ட், ஃபூர், இஸ்ட் கெஃபாரன்'. கடைசியில் வரும் 'இஸ்ட்' முக்கியம். அதற்குப் பதில் 'ஹாட்' வந்தால் பொதுவான பயன்பாட்டில் தவறு. பிரிந்து நிற்கும் வினையை ('ஆன்கொம்மன்', வந்து சேர்) தனியாக எழுதினால் பிரியும் இடம் தெரியாது. "டெர் ட்சூக் கொம்ட் உம் ஆக்ட் ஊர் ஆன்" (ரயில் எட்டு மணிக்கு வந்து சேரும்) என்று ஒரு வாக்கியத்தோடு எழுதுங்கள். வாக்கியம் ஏழெட்டுச் சொல்லுக்குள், தெரியாத சொல் ஒன்றே ஒன்று.

ஓர் அட்டையில் ஒரு கேள்விதான். ஒரு சொல்லுக்கு ஐந்து பொருளை எழுதி ஐந்தையும் கேட்டால், நான்கைச் சொல்லி ஒன்றை மறந்த நாளில் எந்தப் பொத்தானை அழுத்துவீர்கள்?

உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். 'தோட்டம்' என்ற சொல்லையும் 'சீட்டுகள்' என்ற சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'கார்ட்டன்'. ஜெர்மனில் முதல் எழுத்தே வேறு, ஒலியும் வேறு. ரொட்டி சுடுவதும் மூட்டை கட்டுவதும் இரண்டும் 'பாக்கன்' ஆகிவிடும். 'ஏற்கெனவே', 'அழகான' இரண்டுக்கும் 'ஷோன்' என்றே எழுத வேண்டிவரும். அவற்றின் உயிரொலி வேறுபாட்டுக்கு நம்மிடம் எழுத்தில்லை. மூல எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஒலியைச் சேருங்கள். ஃபோர்வோ தளத்தில் தாய்மொழிக்காரர்கள் பதிந்த உச்சரிப்பு கிடைக்கும். அட்டை திரும்பும் ஒவ்வொரு முறையும் கேட்டு, கூடவே உரக்கச் சொல்லுங்கள்.

தமிழிலிருந்து ஜெர்மனுக்கா, ஜெர்மனிலிருந்து தமிழுக்கா?

வாசிக்கவும் கேட்கவும் இரண்டாவது போதும். பேசவும் எழுதவும் முதலாவது வேண்டும், அதுதான் கடினம். தொடக்கத்தில் இரண்டையும் வையுங்கள். பி1ஐ நெருங்கும்போது அரிதான சொற்களுக்கு ஜெர்மன்-தமிழ் திசை மட்டும் போதும்.

தமிழ் முன்பக்கமாக இருக்கும்போது ஒரு சிக்கல் வரும். "படி" என்று மட்டும் எழுதினால் விடை எது? நூலைப் படிப்பது 'லேஸன்', பாடத்தைப் படிப்பது 'லெர்னன்', பல்கலைக்கழகத்தில் படிப்பது 'ஷ்டுடீரன்'. "தெரியும்" இன்னும் மோசம்: ஆளைத் தெரியும் என்றால் 'கென்னன்', செய்தி தெரியும் என்றால் 'விஸ்ஸன்', நீந்தத் தெரியும் என்றால் 'கொன்னன்'. மூன்றுக்கும் ஒரே முன்பக்கம் இருந்தால் ஒவ்வொரு முறையும் குருட்டாம்போக்கில் சொல்வீர்கள். "அவரை எனக்குத் தெரியும்" என்று சூழலோடு எழுதுங்கள். எதிர்த்திசையிலும் இது உண்டு: நெல், அரிசி, சோறு மூன்றும் அங்கே 'ரைஸ்'தான், நாம், நாங்கள் இரண்டும் 'வீர்'.

கையால் தொடக்கூடிய பொருளுக்குத் தமிழே வேண்டாம், படம் போடுங்கள். ஆங்கிலத்தை இடையில் நுழைக்க வேண்டாம் என்பதும் எங்கள் கருத்து. 'கிஃப்ட்' என்றால் ஜெர்மனில் நஞ்சு, 'செஃப்' என்றால் மேலதிகாரி, 'வேர்' என்றால் யார், 'வோ' என்றால் எங்கே. ஆங்கிலம் வழியாகப் போனால் இவை எல்லாமே தடுக்கும்.

வினையோடு வரும் முன்னிடைச்சொற்கள் தங்கவே மாட்டேன் என்கின்றன. என்ன செய்வது?

அவற்றுக்குக் கோடிட்ட இடம் நிரப்பும் அட்டைதான் சரி. அன்கியில் 'க்ளோஸ்' வகை. "பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன்" என்று தமிழில் நினைப்பதால் கை தானாக 'ஃபூர்' (-க்காக) எழுதும். ஜெர்மனில் 'வார்ட்டன்' வினைக்கு 'அவுஃப்', அதுவும் இரண்டாம் வேற்றுமையோடு (ஜெர்மனில் 'அக்குஸாட்டிவ்'). "இஷ் வார்ட்ட … டென் பஸ்" என்று இடம் விட்டு எழுதினால் 'அவுஃப்', 'டென்' இரண்டும் ஒன்றாக மனத்தில் ஏறும்.

ஒரே சொல் திரும்பத் திரும்பத் தவறுகிறது.

கற்ற பிறகு ஓர் அட்டை 8 முறை தவறினால் அன்கி அதை 'லீச்' என்று குறிக்கும். தமிழில் அந்த உயிரியின் பெயரும் அட்டை என்பதால் இங்கே லீச் என்றே வைத்துக்கொள்வோம். அதைத் தொடர்ந்து தள்ளிக்கொண்டே போகாதீர்கள். சில லீச்சுகள் இருபது நல்ல அட்டைகளின் நேரத்தை உறிஞ்சும்.

பெரும்பாலும் காரணம் இன்னொரு சொல். ஒத்த ஒலியுள்ளதோ, ஒரே நாளில் சேர்த்த உறவுச் சொல்லோ குறுக்கே நிற்கும். நிறங்கள் அனைத்தையும், கிழமைகள் அனைத்தையும் ஒரே நாளில் சேர்த்தால் இது கட்டாயம் நடக்கும். ஒன்றை நிறுத்திவைத்து மற்றதை நன்றாகப் பதியவிட்டு, இரண்டு வாரம் கழித்து நிறுத்தியதை எடுங்கள். அல்லது இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எதிரெதிரே வைத்துப் புதிய அட்டை எழுதுங்கள். அப்படியும் தவறினால் அழித்துவிடுங்கள். தேவையான சொல்லென்றால் வாசிப்பில் மறுபடி எதிரே வரும்.

பிறர் செய்த தொகுப்பை இறக்கிக்கொள்ளலாமா?

ஏ1க்கு இறக்கலாம். முன்சொல், பன்மை, ஒலி மூன்றும் இருக்கிறதா என்று முதல் 30 அட்டையைப் பாருங்கள். ஏ2 முதல் உங்கள் பாடநூலிலும் வகுப்பிலும் சந்தித்த சொல்லை நீங்களே எழுதுவது மேல். முன்பின் பார்த்தறியாத சொல்லை அட்டையில் முதன்முதலாகச் சந்தித்தால் பற்றிக்கொள்ள ஒன்றும் இருக்காது.

விரிதாளிலிருந்து ஏற்றினால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிறது.

கோப்பைச் சேமிக்கும்போது சாதாரண சிஎஸ்வி தேர்ந்திருப்பீர்கள். 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்ற வகையில் சேமித்து ஏற்றுங்கள்.

இரண்டு வாரம் விட்டுவிட்டேன், 900 அட்டை நிற்கிறது.

புதிய அட்டையை 0 ஆக்குங்கள். இந்தச் சமயத்துக்கு மட்டும் மீள்பார்வை உச்சத்தை 100 அல்லது 120 என்று வையுங்கள். வரிசை அமைப்பில், நினைவில் நிற்கும் வாய்ப்பு அதிகமுள்ளவை முதலில் வரும்படி மாற்றினால் இன்னும் மறக்காதவை முதலில் காப்பாற்றப்படும். மறந்துபோனவை இன்னும் சில நாள் காத்திருந்தால் பெரிய நட்டமில்லை. இரண்டு மூன்று வாரத்தில் குவியல் கரையும், அதன்பின் உச்சத்தைப் பழையபடி உயர்த்துங்கள். எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்காதீர்கள். இரண்டு மாத இடைவெளிக்கு வளர்ந்த அட்டையில் உள்ள உழைப்பு வீணாகும்.

தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது.

பட்டியலில் மீதமுள்ளதை மூன்று வாரத்துக்குப் பங்கிடுங்கள். கடைசி 7 முதல் 10 நாள் புதிய சொல் வேண்டாம்; அப்போது சேர்ப்பவை பதிய நேரமிருக்காது, பழையவற்றின் நேரத்தையும் தின்னும். அந்த நாட்களை மாதிரித் தேர்வுக்கும் கேட்டல் பயிற்சிக்கும் கொடுங்கள். அட்டையில் தனியாகத் தெரியும் சொல் ஓடும் பேச்சில் காதுக்குப் பிடிபடாது. அதற்குப் பேச்சைத்தான் கேட்க வேண்டும்.

தேர்வில் தேறிய பிறகு அட்டைகளை விட்டுவிடலாமா?

விசா, பயணம் என்று சில மாதம் போகும். அதற்குள் ஜெர்மன் துருவேறும். புதிய அட்டையை நிறுத்திவிட்டு மீள்பார்வையை மட்டும் தொடருங்கள். இரண்டு மாதத்தில் தினசரி எண்ணிக்கை தானாக 40, 50க்கு இறங்கிவிடும். அது ஆறு ஏழு நிமிட வேலை, பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போதே முடிந்துவிடும்.